பல்புகளில் நடந்தவன்

சொல்லாமல் போனது நீதான். அதை முதலில் ஒத்துக்கொள், மற்றதைப் பிறகு பேசிக்கொள்வோம். பேரம் படியாமல் மூக்கறுபட்ட வியாபாரிகூட "வாரேன்" என்று சொல்லித்தான் கடைப்படி இறங்குகிறான், கோயில் கொடையில் ஆடித் தீர்த்த சாமிகூட "போயிட்டு வாரேன் மக்கா" என்று சொல்லித்தான் மலையேறுகிறது, நீ மட்டும் அன்னக்கனி பால் வாங்கப் போன நேரம் பார்த்து, நான் குப்பை வண்டிகளை அனுப்பப் போன நேரம் பார்த்து, ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிலைப்படியைத் தாண்டினாய். கட்டின பெண்டாட்டிக்கும் சொல்லவில்லை, உன்னை இடுப்பில் சுமந்து வளர்த்த அக்காள் எனக்கும் சொல்லவில்லை. மனிதர்களிடம் சொல்ல வாய் வரவில்லை என்றால் வாசலிடமாவது சொல்லியிருக்கலாம்.

நம் பக்கத்தில் ஒருவர் பயணம் புறப்பட்டால், போய்ச் சேர்ந்திருப்பார் என்று தோன்றும்வரை வீட்டைப் பெருக்குவதில்லை. ஆள் படியிறங்கிய கையோடு பெருக்குவது பிணம் போன வீட்டில்தான். இது உனக்குத் தெரியாததல்ல. பால் தூக்கோடு திரும்பிய அன்னக்கனி, நீ சும்மா காலாறப் போயிருப்பாய் என்று நினைத்து, வாரியலை எடுத்து, உள்ளறையிலிருந்து வாசல்வரை பெருக்கி, தேரிக்காட்டிலிருந்து உன் காலோடு வந்த சிவப்பு மணலையும் அந்த மணலில் பதிந்திருந்த உன் தடத்தையும் முறத்தில் அள்ளி, விசிலடித்துக்கொண்டு வந்த என் குப்பை வண்டியில் போட்டாள். அவள் மேல் தப்பில்லை. வண்டி மேலும் தப்பில்லை. நீ சொல்லியிருந்தால் அவள் வாரியலைத் தொட்டிருப்பாளா?

எதற்காகப் போனாய் என்பதும் எனக்குத் தெரியும். முந்தின நாள் கல்யாணப் பந்தியில் உன் பக்கத்தில் உட்கார வந்த நம் தெருக் கருப்பட்டி வியாபாரி தவசிலிங்கம், உன் முகத்தைப் பார்த்துவிட்டு, "குப்பைக்காரி தம்பியில்லா" என்று சொல்லி ஓர் இலை தள்ளி உட்கார்ந்தார். நடுவில் ஓர் இலை, பரிமாறிய சோறோடும் அப்பளத்தோடும், பந்தி முடியும்வரை ஆளில்லாமல் கிடந்தது. ஓர் இலை தள்ளி உட்கார்ந்தவருக்காக நீ ஊரையே தள்ளிவிட்டுப் போனாய். நானாயிருந்தால் அந்த இலையையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பேன்.

நான் தோளில் சாக்கோடு தெருத்தெருவாக அலைந்து தொடங்கியவள். எனக்குப் பள்ளிக்கூடம் எதுவும் கற்றுத்தரவில்லை. நாய்களும், போலீஸ்காரர்களும், தராசுத் தட்டுக்கு அடியில் புளியை ஒட்டி வைக்கிற கடைக்காரர்களும்தான் கற்றுத்தந்தார்கள். அதனால்தான், பனைவிளைக்குக் கிழக்கே அந்த ஆலை எழும்பி, வீட்டுக் குப்பையிலிருந்து கரண்டு எடுக்கப்போகிறோம் என்று கொங்கு நாட்டிலிருந்து சிவநேசன் என்ற இன்ஜினியர் வந்து இறங்கியபோது, ஊர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க, நான் நேரே போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"எரிக்கறதில்லீங்க அக்கா," என்றார் அவர். "உலைக்குள்ள போட்டு, காத்தக் கொஞ்சமாக் குடுத்து, சூட்டுல மூச்சுத் திணற வெப்போம். அப்ப அதுல இருந்து ஒரு வாயு வருமுங்க. அதக் கழுவி இன்ஜினுக்குக் குடுத்தா கரண்டுங்க."

"மூச்சுத் திணற வச்சா உள்ளதெல்லாம் கக்கிரும். அவ்வளவுதான சார்? வட்டிக்காரன் செய்யுதது தான."

அவர் சிரித்தார். சிரித்த ஆளிடம் பேரம் பேசுவது எளிது. குப்பை கீழத்தெருவிலிருந்து முதலில் வருகிறது, அதனால் முதல் வெளிச்சமும் கீழத்தெருவுக்குத்தான் என்று சொல்லி, அவர் வாங்கித் தந்த டீ ஆறி ஆடை கட்டும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் இருந்து, ஆலையிலிருந்து புறப்படுகிற முதல் கம்பியை நம் தெருவின் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடான நம் வீடுவரை இழுக்கவைத்தேன். ஊர் அந்த ஆலைக்குக் குப்பை மில் என்று பெயர் வைத்தது. நம் குப்பை நம் வாசலிலேயே வெளிச்சமாக எரிந்தது. அதை நீ ஒருநாளாவது தலை நிமிர்ந்து பார்த்தாயா?

நீ போன அன்று, விளக்கு வைக்கிற நேரத்தில், மில்லுக்குப் பக்கத்து முதல் வீட்டு வாசல் பல்பு சட்டென்று பிரகாசமாகி அடங்கியது, அது அடங்கியதும் அடுத்த வீட்டுப் பல்பு பிரகாசமாகி அடங்கியது, அதற்கடுத்த வீட்டுப் பல்பு மெதுவாக எரிந்து, கொஞ்சம் நின்று, ஏதோ யோசித்துவிட்டு அடங்கியது, அதன்பின் மறுபடியும் இரண்டு வேகமாக, ஒன்று மெதுவாக, இரண்டு வேகமாக, ஒன்று மெதுவாக, வீடுவீடாக வெளிச்சம் தெருவோடு வந்துகொண்டிருந்தது. நடையில் இரண்டு எட்டு வேகமாக வைத்து மூன்றாவது எட்டில் யோசிக்கிறவன் இந்த ஊரில் ஒருவன்தான். எதிர்வீட்டு இட்லிக்கடை இசக்கித்தாய் மாவுக் கரண்டியோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"யக்கா, ஒந்தம்பி வாரான்."

"எங்கட்டி?"

"பல்புலதான். கண்ணு தெரியலயா?"

நம் வாசல் பல்புவரை வந்து, அங்கே மெதுவாக எரிந்து, நிலைப்படிக்கு மேலேயே நின்று, உள்ளே வராமல் வெளிச்சம் அடங்கியது. அன்னக்கனி அப்போதுதான் உன் துணிப்பை ஆணியில் இல்லாததையும், பெருக்கிய தரையையும், கையிலிருந்த வாரியலையும் மாறிமாறிப் பார்த்தாள். பார்த்தவள் அழவில்லை. வாரியலைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்தாள்.

மறுநாளும் நீ வந்தாய். அதற்கு மறுநாளும். லைன்மேன் ஏறி எல்லா இடத்திலும் முறுக்கிவிட்டு இறங்கினார், அவர் ஏணியை மடக்குவதற்குள் அவர் தலைக்கு மேலே நடந்து போனாய். சாமியாடிக் குறி சொல்கிற கோமரத்தாடியைக் கூட்டிவந்தார்கள். அவர் வேப்பிலையோடு தெருமுனையில் நின்று ஒரு நடை முழுக்கப் பார்த்துவிட்டு, "பேயா? பேய்க்கு எதுக்குலே கரண்டு? இது ஆளு," என்று சொல்லிவிட்டு தட்சணை வாங்காமல் போனார். அதோடு தெருவுக்குச் சந்தேகம் தீர்ந்தது. ஆள் என்றால் ஆள். வருகிற நேரத்தில் வண்டிகளை ஓரமாக நிறுத்தினார்கள், கட்டில்களை உள்ளே இழுத்தார்கள், குடித்துவிட்டுச் சண்டை போடுகிற வீட்டில் அந்த நேரத்துக்கு மட்டும் சண்டையை நிறுத்தி வைத்து, நீ தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். சடங்கு வீட்டுக்காரர்கள் வெற்றிலைத் தட்டோடு வந்து, வீட்டில் அன்னக்கனிக்கு ஒரு பத்திரிகையும் வாசல் பல்புக்கு ஒரு பத்திரிகையும் வைத்து, "கண்டிப்பா வந்துரணும்" என்று அண்ணாந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

பிறகு ஒருநாள் நீ நொண்டினாய். முதல் வீட்டிலிருந்தே வெளிச்சம் மங்கலாக வந்து, ஒரு பல்பில் தடுக்கி, அடுத்ததில் எரியமாட்டாமல் எரிந்து, தெருவைக் கடப்பதற்குள் இசக்கித்தாய் ஒரு கொப்பரை இட்லி அவித்து இறக்கிவிட்டாள். மறுநாள் சிவநேசன் என்னிடம் வந்து, யாரோ பழங்கஞ்சியையும் ரசம் வடிகிற எச்சில் இலைகளையும் அப்படியே குப்பையில் கொட்டியிருக்கிறார்கள், ஈரம் ஏறினால் வாயு சவத்துப்போகும், இன்ஜின் திணறும் என்றார். அதைத்தான் அவர் மில் திறந்த நாளிலிருந்து மைக் வைத்துக் கத்திக்கொண்டிருந்தார், ஈரக் குப்பை தனி, உலர்ந்த குப்பை தனி என்று. ஒரு வீடும் காதில் வாங்கவில்லை. ஆனால் இசக்கித்தாய் நடுத்தெருவில் நின்று ஒரே ஒரு தடவை கத்தினாள்.

"எவட்டி பழங்கஞ்சிய வண்டியில ஊத்துனது? புள்ள தெரு பூரா நொண்டிக்கிட்டுப் போறான். ஒங்க வீட்டு ஆம்பளைய நொண்டுனா இப்படித்தான் பாத்துட்டு இருப்பியளா?"

அவ்வளவுதான். அன்றிலிருந்து கீழத்தெருவில் ஈரம் ஒரு சொட்டும் வண்டிக்கு வரவில்லை. காய்கறித் தோலும் மிஞ்சிய சோறும் தோண்டிய குழிக்கும் ஆட்டுக்கும் போயின. தேங்காய்ச் சிரட்டையை வெயிலில் காயவைத்து, பழைய துணியை உதறி மடித்து, அட்டையைக் கட்டுக்கட்டி, பயணம் போகிறவனுக்குக் கட்டுச்சோறு கொடுப்பதுபோல என் வண்டியில் வைத்தார்கள். காய்ந்த பனையோலை விழுந்த நாட்களில் நீ ஓடினாய். பள்ளிக்கூடம் விட்டு வந்த சின்னதுகள் உன்கூட ஓடித் தோற்றன. சிவநேசன் தன் மீட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நானு படிச்ச படிப்புல இது இல்லீங்க அக்கா. ஆனா ஈரம் கொறஞ்சிருக்குதுங்க," என்றார்.

ஒரு வீட்டில் மட்டும் நீ எரியவில்லை. தவசிலிங்கத்தின் வாசல்வரை வந்து, அந்தப் பல்பைத் தொடாமல், ஒரு வீடு தள்ளி அடுத்த வாசலில் கால் வைத்தாய். நாள்தோறும் எல்லா வாசலும் பிரகாசமாக, நடுவில் அவர் வாசல் மட்டும் பந்தியில் ஆளில்லாத இலை மாதிரிக் கிடந்தது. அவர் பல்பை மாற்றினார், வயரை மாற்றினார், பெரிய பல்பாக வாங்கி மாட்டினார். "என்ன அண்ணாச்சி, ஒங்க வீட்டுக்கு மட்டும் லீவு விட்டுட்டானோ?" என்று இசக்கித்தாய் இட்லி பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டாள்.

என் வண்டிக்குக் குப்பை தராமல் ஓடையில் கொட்டிக்கொண்டிருந்த அந்த மனிதர், ஒருநாள் பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க, தன் கடையில் சேர்ந்த ஓலைப் பெட்டிகளையும் கிழிந்த சாக்குகளையும் வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டித் தன் தலையிலேயே தூக்கிக்கொண்டு மில்லுக்கு நடந்தார். வழியில் என் எதிரில் நின்றார்.

"இத எங்க போடணும் தாயி?"

அந்த ஆளை நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்க நான் சேர்த்து வைத்திருந்த பேச்செல்லாம் தொண்டைவரை வந்தது. அவர் நெற்றியில் ஓலைத்தூள் ஒட்டியிருந்தது. "அந்தா, காஞ்சது போடுத பக்கம்," என்று மட்டும் சொன்னேன். அன்று சாயங்காலம் அவர் வாசல் பல்பு, ரொம்ப மெல்லிசாக, இருந்தாலும் எரிந்தது. மூன்றாவது எட்டு அங்கேதான் விழுந்தது.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நீ எதற்காகப் போனாயோ அது தீர்ந்துவிட்டது என்பதற்காகத்தான். ஆனாலும் நீ நிலைப்படியைத் தாண்டவில்லை. அன்னக்கனி தினமும் ஆக்கி, இலை போட்டு, அடுக்களைப் பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தப் பல்பு ஒருநாளும் கூடுதலாக எரியவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு சாயங்காலம் நாற்காலியை இழுத்து வாசல் பல்புக்குக் கீழே போட்டு உட்கார்ந்தேன்.

"என்ன வேணும்லே ஒனக்கு? சொல்லு. கடைசி வெல சொல்லு."

நீ மெதுவாக எரிந்துகொண்டு நின்றாய்.

"வண்டியெல்லாம் வித்துருதேன். குப்பைக்காரிங்கற பேரே இருக்காது. சம்மதமா?"

பல்பு அசையவில்லை. நீ சம்மதிக்காததில் எனக்குள்ளே ஒரு சந்தோஷம் வந்தது, அதை உன்னிடம் காட்டவில்லை. பிறகு, எந்த வியாபாரத்திலும் என்னைக் கைவிடாத வித்தையைச் செய்தேன். "வேண்டாம்னா போலே," என்று சொல்லி, எழுந்து, திரும்பிப் பார்க்காமல் தெருவில் நடந்தேன். எப்பேர்ப்பட்ட கல்நெஞ்சுக்காரனும் பத்தடி போவதற்குள் "யம்மா, நில்லுங்க" என்று கூப்பிட்டுவிடுவான். நான் மில் கேட்வரை நடந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

அந்த வாரம்தான் வெங்காய லாரி ஓட்டுகிற ஒருவர் இசக்கித்தாய் கடையில் சாப்பிட்டுக்கொண்டே உன்னைப் பார்த்ததாகச் சொன்னார். சோலாப்பூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நம் ஊர்க்காரர் ஒருவரின் மிக்சர் கடை.

"அடுப்பு முன்னால உக்காந்தே முறுக்கு பிழியுதான். நான் போயி நிக்கேன், எந்திரிக்கல. ஊருக்கு வாரியாடேன்னு கேட்டேன். 'என் நட எங்கயோ போயிட்டு அண்ணாச்சி'ங்கான். ரெண்டு காலும் நல்லாத்தான் இருக்கு. ஆனா தூக்கித்தான் படுக்க வைக்காவளாம்."

கடையில் ஒத்தாசைக்கு நின்ற அன்னக்கனி சட்னி வாளியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள்.

அதே சமயத்தில் சிவநேசன் உலையை அணைக்க வேண்டும் என்று வந்து நின்றார். உள்சுவர்ச் செங்கல் வெடித்திருக்கிறது, அந்த வாயுவுக்கு மணம் கிடையாது, கசிந்தால் தூங்குகிறவர்கள் தூங்கியபடியே போய்விடுவார்கள், ஆறவைத்துச் சாம்பல் அள்ளி, சுவரைக் கட்டிவிட்டுத்தான் மறுபடியும் மூட்ட முடியும் என்றார். தெருவே மில் வாசலில் கூடிவிட்டது, கையில் சிரட்டையும் ஓலையுமாக.

"அணச்சா அவன் எங்க சார் போவான்?" என்று தவசிலிங்கம் கேட்டார். கேட்டது அவர்தான்.

"மறுபடி மூட்டும்போது வருவாருங்களான்னு எனக்குச் சொல்லத் தெரியலீங்க. ஆனா இப்படியே உட்டா ஆபத்துங்க. நானென்ன பண்றது, சொல்லுங்க."

"ஒரு மாசம் தள்ளிப் போடுங்க," என்றேன் நான். "கொடை முடியட்டும். பதினஞ்சு நாளு? சரி, ஒரு வாரம்." உயிரை வைத்துப் பேரம் பேசுகிறேன் என்று எனக்கே தெரிந்தது. சிவநேசன் முடியாது என்று தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அன்னக்கனி வந்தாள்.

"அணச்சிருங்க சார்."

"ஏட்டி, புரிஞ்சுதான் பேசுதியா?" என்றேன்.

"புரிஞ்சுதான் மதினி பேசுதேன். இங்க நடந்துக்கிட்டே இருந்தா, அவிய அங்க உக்காந்துல்லா இருப்பாவ. நீங்கல்லாம் நடைய வச்சுக்கிடணும்ங்கிய. எனக்கு நடை வேண்டாம். ஆளு வேணும்."

அன்று சாயங்காலம் ஒரு நடை மட்டும் நடக்கவிட்டு அணைப்பது என்று முடிவானது. இருந்த ஓலையெல்லாம் உலைக்குப் போயிற்று. நீ ஓடவில்லை, நொண்டவும் இல்லை, இரண்டு எட்டு வேகமாக, ஓர் எட்டு யோசித்து, ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் எழுந்து நிற்க, தவசிலிங்கம் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க, எந்த வீட்டையும் தள்ளிவிடாமல் நடந்து வந்து நம் நிலைப்படிக்கு மேலே நின்றாய். அன்னக்கனி அண்ணாந்து பார்த்தாள். நீ சொல்லாத வார்த்தைக்குப் பதில்வார்த்தையை அவள் சொன்னாள்.

"போயிட்டு வாங்க."

பல்பு ஒருமுறை, வீட்டின் உள்ளறைவரை வெளிச்சம் விழ, நன்றாக எரிந்தது. பிறகு மில் இன்ஜின் நின்றது.

உலை ஆறியபின் சாம்பலை அள்ளினார்கள். அந்தச் சூட்டில் கண்ணாடியும் உருகும், ஆணியும் உருகும். எல்லாம் கட்டிகட்டியாகக் கறுத்துக் கிடக்க, அடியில், ஒரு முறம் அளவுக்குச் சிவப்பு மணல் பொலபொலவென்று, கையில் எடுத்தால் குளிர்ச்சியாக இருந்தது. யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. அன்னக்கனி தன் முறத்தைக் கொண்டுவந்து அள்ளிப்போய் நிலைப்படிக்கு உட்புறம் பரப்பினாள். பரப்பியதும் அதில் ஒரு குதிகாலும் ஐந்து விரல்களும் பதிந்திருந்தன, வெளியே பார்த்து.

முறைப்படி வழியனுப்பியாகிவிட்டது. ஆகவே அன்றிலிருந்து கீழத்தெருவில் ஒரு வீடும் பெருக்கவில்லை. சோலாப்பூர் தூரம், கம்பி இல்லாமல் நடந்து போகிறவனுக்கு எத்தனை நாளாகும் என்று யாருக்குத் தெரியும்? வீடுகளில் தூசி கணுக்காலுக்கு ஏறியது. இசக்கித்தாய் கடையில் இலைகள் குவிந்து, அவள் அவற்றைப் பின்பக்கம் அடுக்கிவைத்தாள். சுவர் கட்டி முடித்துச் சிவநேசன் உலையை மூட்டக் காத்திருந்தார், மூட்டுவதற்குக் குப்பை இல்லை. என் வண்டிகள் விசிலடித்துக்கொண்டு போய்க் காலியாகத் திரும்பின. நான் யாரையும் திட்டவில்லை. என் வாழ்க்கையில் நான் யாரையும் திட்டாத நாட்கள் அவைதான்.

நேற்று லாரிக்காரர் இசக்கித்தாய்க்குப் போன் பண்ணினார். "அந்தப் பய இன்னைக்கு எந்திரிச்சு நின்னான். ரெண்டு எட்டு வெரசா வச்சான், மூணாவது எட்டுல நின்னுட்டான். கடை வாசல்ல நின்னு ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்கான்."

இன்று காலையில் தெரு முழுக்க வாரியல் சத்தம். தூசி மேகமாகக் கிளம்பி, என் வண்டிகள் நிரம்பி வழிந்து, உலை மூட்டியாகிவிட்டது. சாயங்காலம் எல்லா வாசல் பல்புகளும் ஒரே சீராக, ஊரில் உலகத்தில் எரிகிற மாதிரி எரிந்தன. எல்லாரும் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்கள்.

ஆக, கேட்டுக்கொள். உன் நடை உன்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. தவசிலிங்கம் தன் பக்கத்து இலைக்கு ஆளைத் தேடுகிறார். நீ வராமலிருக்க இனி ஒரு சாக்கும் மிச்சமில்லை. அந்த மூன்றாவது எட்டில் நீ என்ன யோசிக்கிறாய் என்று எனக்குத் தெரியும், யோசித்தது போதும். நம் வீட்டில் அந்த நிலைப்படி மட்டும் இன்னும் பெருக்காமல் கிடக்கிறது. நாங்கள் தாண்டித்தான் போய்வருகிறோம், என் முட்டிக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். வாரியல் கதவுக்குப் பின்னால்தான் சாத்தியிருக்கிறது. வந்து சேர். உன் தடத்தில் உன் காலை வைத்து, அதை உள்ளே பார்த்துத் திருப்பி, "வந்துட்டேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லு. சொல்லிவிட்டு, அந்த மணலை நீயே பெருக்கி, நீயே முறத்தில் அள்ளி, என் வண்டி விசிலடிக்கும்போது எல்லாரும் பார்க்க நீயே கொண்டுவந்து போடு. இதில் ஒரு பைசா குறைக்கமாட்டேன்.